கோடும் தரவுத்தளமும்: கொழும்பிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

அப்ளிகேஷன் கோடிலிருந்து தரவுத்தளத்தோடு இணைவது, அதற்கு வினவல் (தரவைக் கேட்கும் அல்லது மாற்றும் கட்டளை) அனுப்புவது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஜாவா, பிஎச்பி என்ற கணினி மொழிகளும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளங்களும்தான் நான் நாளாந்தம் புழங்குகிறவை. அதற்குள் வருகிறவற்றுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: அக்கா, ரியூஷன் குறிப்பில் இருக்கிற மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்ற ஃபங்ஷனைப் போட்டால், அப்படி ஒன்றே இல்லை என்று என் கணினி சொல்கிறது. நான் என்ன பிழை விட்டேன்?

நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை, தங்கச்சி. குறிப்புத்தான் பழையது. 2015 இல் பிஎச்பி 7 வந்தபோது அந்தப் பழைய ஃபங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது பிஎச்பியிலிருந்து தரவுத்தளத்தோடு இணைய மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓ, இரண்டில் ஒன்று. புதிதாகப் படிக்கிறவருக்கு நான் பிடிஓவைத்தான் சொல்வேன். சேர்வர் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், பயனர், பாஸ்வேர்ட் ஆகியவற்றோடு கரெக்டர் செட்டையும் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) இணைக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அது ஏன் என்பது கீழே தெகிவளைக்காரருக்கான பதிலில் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை, ஹார்ட்வெயார் கடைக்கு பில் மென்பொருள் எழுதுகிறவர்: டி'சில்வா என்ற வாடிக்கையாளரைத் தேடினால் மட்டும் எரர் வருகிறது. அந்த மேற்கோள் குறியை அழித்துவிட்டுத் தேடுகிறேன். இது போதுமா?

போதாது. இன்று வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான், அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்கள் கோட், பெட்டியில் தட்டிய பெயரை வினவலின் நடுவில் ஒட்டுகிறது. தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர்வது இப்படி ('வேர்' என்பது நிபந்தனையைத் தொடங்கும் சொல்): வேர் பெயர் = 'டி'சில்வா'. டி என்ற எழுத்தோடு பெயர் முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் சில்வா அதற்குக் கட்டளையின் பகுதி. விளங்காத கட்டளை என்பதால் எரர். இதே இடத்தில் ஒருவர் ' ஓர் '1'='1 என்று தட்டினால் எரர் வராது. அது விளங்குகிற கட்டளை: 'ஓர்' என்றால் 'அல்லது', ஒன்று ஒன்றுக்குச் சமம் என்பது எப்போதும் உண்மை. கடையின் வாடிக்கையாளர் பட்டியல் முழுக்கத் திரையில் வந்து நிற்கும். பெயர் கேட்ட இடத்தில் கட்டளை எழுத விட்டிருக்கிறீர்கள். மேற்கோள் குறியை அழித்தால் அந்தக் கதவு மூடாது. அதோடு அந்த மனிதரின் பெயரும் பிழையாகப் பதிவாகிறது.

செய்ய வேண்டியது, வினவலில் பெயர் வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டு, பெயரைத் தனியே கொடுப்பது. ஜாவாவில் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட், பிஎச்பியில் பிரிப்பேர், பிறகு எக்ஸிகியூட். சேர்வர் முதலில் கேள்விக்குறியோடு வினவலைப் படித்து, எது அட்டவணை, எது நிபந்தனை என்று முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் வெறும் மதிப்புத்தான். டி'சில்வா டி'சில்வாவாகவே போவார்.

இதில் மூன்று நுணுக்கம். பிடிஓ மைஎஸ்கியூஎல்லோடு வேலை செய்யும்போது, நீங்கள் மாற்றாவிட்டால், வினவலையும் மதிப்பையும் பிரிக்கும் இந்த வேலையை சேர்வரில் செய்யாமல் தானே நடித்துக் காட்டும். எமியூலேட் பிரிப்பேர்ஸ் என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, அட்டவணையின் பெயரையோ, எந்த நிரலால் (அட்டவணையின் கொலம்) வரிசைப்படுத்துவது என்பதையோ கேள்விக்குறியால் கொடுக்க முடியாது. அனுமதிக்கும் பெயர்களைக் கோடிலேயே பட்டியலிட்டு, வந்தது அதில் ஒன்றா என்று பாருங்கள். மூன்றாவது, லைக் போட்டுப் பெயரின் ஒரு பகுதியால் தேடும்போது, எதுவும் வரலாம் என்பதைக் காட்டும் சதவீதக் குறி மதிப்போடு சேர்ந்து போக வேண்டும், வினவலோடு அல்ல.

மருதானை: மாலையில் ஆட்கள் கூடினால் 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்று வருகிறது. எல்லையைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம், முதலில் ஓட்டையைத் தேடுங்கள். மைஎஸ்கியூஎல் தொடக்கத்தில் 151 இணைப்புகளை அனுமதிக்கும், போஸ்ட்கிரெஸ் 100. சாதாரண கடை மென்பொருளுக்கு இது தாராளம். அது நிரம்புகிறது என்றால் உங்கள் கோட் இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறது. பெரும்பாலும் எரர் வரும் பாதையில்தான் இது நடக்கும்: நடுவில் எக்ஸெப்ஷன் எறியப்பட்டால், கீழே எழுதிய குளோஸ் வரிக்கு ஓட்டமே வராது. ஜாவா 7 இலிருந்து ட்ரை என்ற சொல்லுக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள்ளேயே இணைப்பைத் திறக்கலாம். எப்படி வெளியேறினாலும் அது மூடிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு பூல் வையுங்கள், அதாவது திறந்த இணைப்புகளை வைத்திருந்து மாறி மாறிக் கொடுக்கும் ஒன்று. ஜாவாவுக்கு ஹிகாரி நல்லது. அது தொடக்கத்தில் 10 இணைப்புகளைத்தான் வைத்திருக்கும், பலருக்கு அதுவே போதும். பூலில் குளோஸ் என்றால் இணைப்பை அறுப்பதல்ல, அடுத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது. அதனால் பூல் இருந்தாலும் குளோஸ் கட்டாயம்.

வத்தளை: காலையில் கடை திறந்து முதல் பில் போடும்போது மட்டும் இணைப்பு அறுந்துவிட்டது என்று வரும். இரண்டாவது தடவை சரி. ஏன், அக்கா?

உங்கள் கடை இரவு 9 மணிக்குப் பூட்டி காலை 8 மணிக்குத் திறக்கிறது என்று வையுங்கள். 11 மணித்தியாலம் இணைப்பு சும்மா கிடக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் வெயிட் டைம்அவுட் தொடக்கத்தில் 28,800 செக்கன், அதாவது 8 மணித்தியாலம். அதற்குமேல் சும்மா கிடந்தால் சேர்வர் தன் பக்கத்தில் அறுத்துவிடும், உங்கள் கோடுக்கு அது தெரியாது. முதல் வினவல் செத்த இணைப்பில் போய் விழுகிறது. பூல் வைத்து, இணைப்பின் அதிகபட்ச ஆயுளை சேர்வரின் நேரத்தைவிடக் குறைவாக வையுங்கள். ஹிகாரியில் அது தொடக்கத்திலேயே 30 நிமிடம்.

தெகிவளை: தமிழ்ப் பெயர்களைச் சேமித்தால் கேள்விக்குறிகளாகத் திரும்பி வருகின்றன. காப்பாற்ற முடியுமா?

கேள்விக்குறியாகவே சேமிப்பாகியிருந்தால், மன்னிக்கவும், அந்தப் பெயர்கள் போய்விட்டன. வழியில் எங்கோ லத்தீன் எழுத்துத் தொகுதிக்கு மாற்றப்பட்டு, இடமில்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போடப்பட்டிருக்கிறது. மாறாக, விசித்திரமான லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், மீட்கலாம். அதற்கு முதல் பேக்கப் எடுங்கள்.

இனி நடக்காமலிருக்க அட்டவணை, நிரல், இணைப்பு மூன்றின் கரெக்டர் செட்டும் யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். மூன்றில் இணைப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்றால் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான். தமிழும் சிங்களமும் அதற்குள் அடங்கும், எமோஜி அடங்காது.

கொழும்பு என்ற சொல்லைச் சேமித்து நீளம் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்தெண்ணிக்கை ஃபங்ஷன் 8 என்னும், பைட் எண்ணிக்கை ஃபங்ஷன் 24 என்னும். குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். நிரலின் அகலத்தை முடிவு செய்யும்போது இதை மனதில் வையுங்கள். இன்னொன்று: கொ என்பதில் வரும் குறியைச் சில கீபோர்ட்கள் ஒரே குறியீடாகவும், சில ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் அனுப்பும். பார்வைக்கு ஒன்றே, ஆனால் போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் இரண்டையும் வேறு சொல் என்றே சொல்லும். சேமிக்கும் முதலும் தேடும் முதலும் இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ராஜகிரிய: 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' வருகிறது, அக்கா.

மேலே மருதானைக்குச் சொன்னதேதான்.

பம்பலப்பிட்டி, ஜாவா டெவலப்பர்: ஹைபர்னேட் இருக்கும்போது எஸ்கியூஎல் படிக்கத் தேவையில்லை என்கிறார் எங்கள் டீம் லீட். சரியா?

சரியில்லை. ஹைபர்னேட் என்ற ஜாவா கருவி, தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லை உங்களுக்குப் பதிலாக எழுதுகிறது. எழுதியது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எஸ்கியூஎல் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். 200 பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரை லூப்பில் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். பில்களுக்கு ஒரு வினவல், பெயர்களுக்கு 200. மொத்தம் 201.

மட்டக்குளி (இதற்கு எழுதியது): அக்கா, இது ஹைபர்னேட்டின் பிழையல்ல, பாவிக்கத் தெரியாதவரின் பிழை. எங்கள் கணினியில் 201 வினவலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது.

உங்கள் கணினியில் தரவுத்தளமும் கோடும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, தம்பி. கோட் கொழும்பு அலுவலகத்தில், தரவுத்தளம் சிங்கப்பூர் கிளவுடில் என்றால்? ஒரு தடவை போய்வர 50 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொண்டாலும் 201 தடவைக்கு 10 செக்கன். வினவல் ஒவ்வொன்றும் மின்னல் வேகம்தான், நேரம் முழுக்க வழியில் போகிறது. பில்லையும் பெயரையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டால் ஒரே பயணம். பாவிக்கத் தெரிய வேண்டும் என்கிறீர்களே, நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்தத் தெரிதலின் பெயர் எஸ்கியூஎல்.

பத்தரமுல்ல (இதற்கும் எழுதியது): அப்படியென்றால் ஹைபர்னேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கையால் எழுதலாமே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அதற்கும் நான் உடன்பட மாட்டேன். ஒரு வரிசையைச் சேர்க்க, திருத்த, இலக்கத்தால் எடுக்க 40 அட்டவணைகளுக்குக் கையால் எழுதினால், 41 ஆவதில் ஒரு நிரலை மறப்பீர்கள். அந்த வேலையை ஹைபர்னேட்டுக்கு விடுங்கள். மாத அறிக்கை, ஐந்து அட்டவணை சேரும் தேடல், ஒரேயடியாக ஆயிரக்கணக்கான வரிசைகளைத் திருத்துவது, இவற்றை நீங்களே எழுதுங்கள். ஒரே புரொஜெக்டில் இரண்டும் இருக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கையால் எழுதும்போது மதிப்பைக் கேள்விக்குறியால் கொடுங்கள். ஹைபர்னேட்டின் சொந்த வினவல் மொழியிலும் பெயரை ஒட்டினால் கொட்டாஞ்சேனைக் கதைதான்.

மட்டக்குளி (மறுபடியும்): வினவலை எல்லாம் யார் அக்கா இருந்து எண்ணுவது?

நீங்கள்தான். எஸ்கியூஎல்லைப் பதிவு செய்யும் அமைப்பைப் போட்டுவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து, எத்தனை செலெக்ட் ஓடுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பார்த்துவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து கதைக்கலாம்.

கிருலப்பனை: அடையாள அட்டை இலக்கத்தை இன்ட் (முழு எண்) நிரலில் வைத்திருந்தோம். புதிய இலக்கம் ஏறமாட்டேன் என்கிறது.

இன்ட்டின் உச்சம் 2,147,483,647, பத்து இலக்கம். பழைய அட்டையின் 9 இலக்கம் அடங்கியது, 2016 இலிருந்து வருகிற 12 இலக்கம் அடங்காது. பிக்இன்ட்டுக்கு ஓட வேண்டாம். பழையதன் கடைசியில் வி அல்லது எக்ஸ் இருக்கிறது, அதை எங்கே வைத்தீர்கள்? கூட்டிக் கழிக்காத இலக்கம் எல்லாம் எழுத்து நிரலில்தான். 077 இல் தொடங்கும் தொலைபேசி இலக்கமும் அப்படியே, இன்ட்டில் போட்டால் முன் பூச்சியம் போய்விடும்.

நாரஹேன்பிட்டி: 1990களின் பழைய பதிவுகளைப் புதிய தரவுத்தளத்துக்கு யூடிசி என்ற உலகப் பொது நேரமாக மாற்றுகிறோம். எல்லாவற்றிலிருந்தும் ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரிதானே?

இல்லை. நல்லவேளை முதலே கேட்டீர்கள். 1996 மே மாதம் இலங்கை நேரம் யூடிசியைவிட ஆறரை மணித்தியாலம் முன்னுக்கு மாறியது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. 1999 இல் பதிவானதில் ஐந்தரையைக் கழித்தால் அரை மணி பிழைக்கும். ஏசியா/கொலம்போ என்ற வலயப் பெயரைக் கொடுத்து மாற்றுங்கள், அதற்குள் இந்த வரலாறு இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்றால் வலய அட்டவணைகளை முதலில் ஏற்ற வேண்டும்.

கிராண்ட்பாஸ்: பயனர் தட்டுவதை, மேற்கோள் குறிக்கு முன் பின்சாய்கோடு சேர்க்கும் அட்ஸ்லாஷஸ் ஃபங்ஷனைப் போட்டு ஒட்டினால் பாதுகாப்புத்தானே?

இல்லை. ஒட்டவே வேண்டாம். கொட்டாஞ்சேனைக்கான பதிலைப் படியுங்கள்.

தெமட்டகொடை: இலக்கம் மட்டும்தான் வரும் என்றால் ஒட்டலாமா?

வேண்டாம். இலக்கம்தான் வரும் என்று சொல்வது நீங்கள், அனுப்புகிறவர் அல்ல. கேள்விக்குறி.

கொம்பனித்தெரு: மொங்கோ தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் போடுவது எப்படி?

என் துறை இல்லை. மொங்கோவின் சொந்த ஆவணங்களில் தொடங்குங்கள்.

நுகேகொடை: தரவுத்தள பாஸ்வேர்டைக் கோடில் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிட்டேன். அந்த வரியை அழித்துவிட்டேன், சரியா?

பழைய கொமிட்டில் (கிட்ஹப்பில் சேமித்த முந்தைய பதிப்பு) அது இன்னும் இருக்கிறது. இப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கோடுக்கு வெளியே, சூழல் மாறியில் வையுங்கள். அப்ளிகேஷனுக்கு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரையும் கொடுக்க வேண்டாம். தேவையான அட்டவணைகளை மட்டும் தொடக்கூடிய ஒரு பயனர் போதும்.

முகத்துவாரம்: ஸ்டொக்கைக் குறைத்து, பிறகு பில் எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால்?

ஸ்டொக் குறைந்திருக்கும், பில் இராது. ஏனென்றால் நீங்கள் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியாக உறுதியாகிவிடும். ஓட்டோகொமிட்டை நிறுத்தி, இரண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத தொகுதி) வைத்து, கடைசியில் கொமிட் செய்து உறுதியாக்குங்கள். எக்ஸெப்ஷன் வந்தால் ரோல்பேக், அதாவது எல்லாவற்றையும் பழையபடி திருப்புவது. கொமிட்டுக்கு முதல் கரண்ட் போனால், சேர்வர் மறுபடி எழும்பும்போது பாதியில் நின்றதைத் தானே நீக்கிவிடும்.

ஸ்டொக்கை வாசித்து, கோடில் கழித்து, திரும்ப எழுதவும் வேண்டாம். இரண்டு காசாளர்கள் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் ஒருவரின் கழித்தல் தொலைந்துவிடும். மூன்று பொருள் விற்கிறீர்கள் என்றால், அப்டேட் கட்டளைக்குள்ளேயே மூன்றைக் கழிக்கச் சொல்லி, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போடுங்கள். எத்தனை வரிசை மாறியது என்று அது சொல்லும். பூச்சியம் என்றால் பொருள் இல்லை, ரோல்பேக்.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய மைஎஸ்கியூஎல் அட்டவணைகள் மைஐசாம் வகையாக இருக்கலாம். அதில் டிரான்ஸாக்ஷன் கிடையாது, ரோல்பேக் சொன்னாலும் எதுவும் திரும்பாது. ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் போட்டு என்ஜின் நிரலைப் பாருங்கள். மைஐசாம் என்று இருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, டிரான்ஸாக்ஷன் உள்ள இன்னோடிபி வகைக்கு மாற்றுங்கள், கடை பூட்டிய பிறகு.