பழைய கண் நலத் தரவுக்கு மானியம் கேட்கலாமா?

வணக்கம் சகோதரி. பினாங்கில் புதிதாக எந்த நோயாளியையும் சோதிக்காமல், முன்பே திரட்டிய கண்புரை அறுவைப் பதிவுகளை மட்டும் ஆராய மானியம் கேட்கலாமா என்று தயங்குகிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். 2002இல் தொடங்கிய மலேசியக் கண்புரை அறுவைப் பதிவேடு ஒரு புதையல். அது இன்னும் முழுமையாகப் பயன்படாததுதான் எனக்கு வருத்தம்.

ஆனால், உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி மானியத்துக்கு "தரவு இருக்கிறது" என்பது போதாது, புதிய அறிவைத் தரும் கேள்வி வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் பார்வை ஏன் குறைவாகத் தேறுகிறது என்பதுபோல் குறுக்கிக் கேளுங்கள். விடுபட்ட பதிவுகளை எப்படிக் கையாள்வீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மதிப்பீட்டாளர் முதலில் அதைத்தான் தேடுவார். பதிவேட்டுப் பொறுப்பாளரின் சம்மதக் கடிதம், நெறிமுறைக் குழு ஒப்புதல் இரண்டுக்கும் இன்றே விண்ணப்பியுங்கள். செலவுத் திட்டத்தில் புள்ளியியலாளர் ஊதியத்தைக் குறைக்காதீர்கள்.