கேளுங்கள், சொல்கிறேன்: இறகுக் கிரீடமா, குச்சிக்கிழங்கா?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒருநாள் முழுக்க 'அமேசான் மழைக்காடு' நடத்தப் போகிறோம். பிள்ளைகளுக்கு இறகுக் கிரீடம் வைத்து, முகத்தில் வண்ணம் பூசி ஆடவிடலாம் என்கிறார்கள். எனக்கு ஏனோ உறுத்துகிறது. வேறு என்ன செய்யலாம்?
(ஆத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: உறுத்தியது சரிதான் டீச்சர். பிரேசிலில் மட்டும், 2022 கணக்கெடுப்புப்படி, ஏறக்குறைய 17 லட்சம் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், 200க்கும் மேற்பட்ட மொழிகள் பேசுகிறார்கள். "இது யாரோட கிரீடம் மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அப்புறம் அந்த வாயில் கைதட்டி 'ஊ ஊ' என்று கத்துவது இருக்கிறதே, அது பழைய கௌபாய் படச் சரக்கு. அமேசானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உங்கள் பக்கம் காடு என்றாலே குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்ட காடுதானே, அதில் நாலு கிழங்கு பிடுங்கி வரச் சொல்லுங்கள். அந்தக் கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்கா, 'டேப்பியோக்கா' என்ற பெயரே அங்குள்ள துப்பி மொழிச் சொல்லிலிருந்து வந்தது. தோலைச் சீவி, துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து ஈரிழைத் துண்டில் கட்டிப் பிழியட்டும். பிழிந்து வந்த கிழங்குப் பாலை ஒரு கண்ணாடி டம்ளரில் அசைக்காமல் வைத்தால், அடுத்த பீரியட் முடிவதற்குள் அடியில் வெள்ளையாக மாவு இறங்கியிருக்கும். ஜவ்வரிசி மில்லில் நடப்பதும் இதுதான் என்று மில்லுக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை கட்டாயம் சொல்லும், அதைப் பேசவிடுங்கள். நாம் திப்பி என்று ஒதுக்குகிற அந்தச் சக்கைதான் அங்கே முக்கியம், அதைப் பெரிய வட்டத் தட்டில் வறுத்து 'ஃபாரின்யா' மாவாக்கித் தினமும் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் பச்சையாக யாரும் வாயில் வைக்கக் கூடாது, கண்டிப்பாக. அமேசானில் அதிகம் பயிராகும் கசப்பு ரகத்தில் சயனைடு நிறைய உண்டாகும், அதைப் பிழிந்து எடுக்கத்தான் 'திபிதி' என்று ஓர் ஆளுயரப் பின்னல் குழாய் வைத்திருக்கிறார்கள். துருவலை அடைத்து மரக்கிளையில் தொங்கவிட்டு, கீழ்க் காதில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் ஒருவர் உட்கார்ந்தால் போதும், குழாய் நீளும், நீள நீள இறுகும், சாறு ஒழுகும். வெங்காயம் கட்டி வருகிற வலைப்பையை இழுத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும். அந்த நச்சுச் சாற்றையும் கொட்டுவதில்லை, நெடுநேரம் கொதிக்க வைத்து 'துக்குப்பி' என்ற குழம்பாக்கிவிடுகிறார்கள். கிரீடம் வைத்து ஆடினால் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

கேள்வி: மழைக்காட்டுக்குள் பகலிலும் இருட்டாமே, அதை வகுப்பில் காட்ட முடியுமா?

பதில்: முடியும். பழைய பச்சைப் புடவைகள் நாலைந்தை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, ஒவ்வொரு அடுக்குக்குக் கீழும் கைப்பேசியின் வெளிச்சமானி ஆப்பை வைத்து எண்ணைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். அசல் காட்டில் தரைக்கு வந்து சேருவது ஏறக்குறைய 2 சதவீத வெளிச்சம்தான். எத்தனை புடவைக்கு அந்தக் கணக்கு வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: அந்த மக்கள் இன்னும் பழையபடிதான் வாழ்கிறார்களா?

பதில்: 'பழையபடி' என்றால் யாருடைய பழையபடி? அமேசான் காட்டில் வாழும் யானோமாமி என்ற பழங்குடி மக்களில் பலர் இன்றும் 'ஷபோனோ' என்ற வட்ட வீட்டில் ஊரே ஒன்றாக வாழ்கிறார்கள், வாஸ்தவம். அதே மக்கள்தான் பல வருடம் போராடி 1992இல் 96 லட்சம் ஹெக்டேரைத் தங்கள் நிலமென்று பிரேசில் அரசை ஏற்க வைத்தார்கள், தமிழ்நாட்டில் முக்கால் பங்கு இருக்கும். அதற்குள்ளும் தங்கம் தோண்டுகிறவர்கள் திருட்டுத்தனமாக நுழைந்து ஆற்றில் பாதரசத்தைக் கலக்கிறார்கள், 2023 ஜனவரியில் அங்கே சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் பழங்குடி மக்களுக்கென்று பிரேசிலில் முதல்முறையாகத் தனி அமைச்சகம் வந்தது. அதன் முதல் அமைச்சரானவர் சோனியா குவாஜாஜாரா, அவரும் பழங்குடிப் பெண்தான். அவர் படத்தையும் சுவரில் ஒட்டுங்கள்.