ஐப்பசியில் மின்சாரத்துக்கு எங்கே போவது?

ஐயா, வணக்கம்.

காலநிலை பற்றிய கட்டுரையில் காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றி விரிவாக எழுதிவிட்டு அணுமின்சாரத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளிவிடும் கரியமில வாயு அளவுக்கு நீக்கியும் விடுவது) என்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா சொல்லியிருக்கிறது. ராத்திரி வெயில் இல்லை, மார்கழியில் காற்று இல்லை. கூடங்குளம் இரவு பகலாக ஓடுகிறது. கரியும் வேண்டாம், அணுவும் வேண்டாம் என்றால் எப்படி?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் தாண்டியது தப்புதான். ஓடுகிற உலையை மூடச் சொல்பவன் அல்ல நான். 2023 ஏப்ரலில் ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை மூடியபோது அங்கே நிலக்கரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முதலில் மூட வேண்டியது அதைத்தான்.

என் கவலை காலம் பற்றியது. கூடங்குளம் ஒப்பந்தம் 1988ல் கையெழுத்தானது. கட்டத் தொடங்கியது 2002ல், முதல் மின்சாரம் வந்தது 2013 அக்டோபரில். இடிந்தகரைப் போராட்டத்தால்தான் தாமதம் என்பார்கள். அது சூடுபிடித்தது 2011ல். அதற்குள் 23 வருஷம் போய்விட்டிருந்தது! கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலை (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை) கட்டுவது 2004ல் தொடங்கியது, 2024 முடிந்தும் மின்சாரம் தரவில்லை. 2030க்குள் 5 லட்சம் மெகாவாட் புதைபடிவமில்லாத மின்திறன் என்பது நாட்டின் இலக்கு. இன்று அணுமின் திறன் மொத்தமே 9,000 மெகாவாட்டை ஒட்டித்தான். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒரு வருஷத்துக்குள் எழும்பியது. வருஷச் சராசரியில் சூரியத் தகடு தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும், உலை அதைப்போலப் பல மடங்கு தரும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன்.

சரி, ராத்திரிக்கு என்ன செய்வது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கும்போது, வாங்க ஆளில்லை, கம்பி தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த நேரத்தில் அணு உலை உதவாது, அதை நினைத்தபடி கூட்டிக் குறைத்து நம் ஊரில் ஓட்டுவதில்லை. உதவக்கூடியது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது: கடம்பாறை. மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள். 1980களிலிருந்தே இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இப்படி ஒன்று கட்டுகிறார்கள். அடுத்த பணம் இதற்கும் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பித் தொடர்களுக்கும் போக வேண்டும் என்பதுதான் என் தரப்பு.

அப்புறம், மார்கழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், பகலில் நல்ல வெயில் இருக்கும். உண்மையான சிக்கல் ஐப்பசி, கார்த்திகை. காற்றும் ஓய்ந்துவிடும், வானமும் மூடிக்கொள்ளும். கடம்பாறை சில மணி நேரத்தைத் தாங்கும், வாரக்கணக்கில் தாங்காது. அந்த வாரங்களுக்காகவே, கூடங்குளத்தில் பாதி கட்டிய உலைகளை முடிக்கட்டும் என்று நினைக்கிறேன்.