புது நிரல் மொழி தேறுமா?

கேள்வி: நான்கு வருடமாக ஜாவாவில் வேலை செய்கிறேன். அடுத்து 'ஜிக்' மொழிதான் என்கிறார்கள் நண்பர்கள். ஆறு மாதம் ஒதுக்கிப் படிக்கலாமா? ஒரு மொழி பரவுமா என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். முதலில், அந்த மொழி எதன் முதுகில் ஏறி வருகிறது என்று பாருங்கள். டார்ட் என்ற நிரல் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் கூகுள் அதை வெளியிட்டபோது குறி, பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இடத்தைப் பிடிப்பதுதான். மற்ற பிரவுசர்கள் சீந்தவில்லை. 2015-ல் குரோமுக்குள் டார்ட்டை நேரடியாக ஓடவிடும் திட்டத்தைக் கூகுளே கைவிட்டது. பிறகு 2018 டிசம்பரில் ஆப் உருவாக்கும் கருவியான ஃப்ளட்டர் 1.0 வந்தது. ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப் செய்ய அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் டார்ட் படித்தே தீர வேண்டியிருந்தது. மொழி அப்படியே வளர்ந்துவிட்டது. ரூபி மொழிக்கு 2004-ல் ரெயில்ஸ் என்ற இணையதளம் உருவாக்கும் கருவி செய்ததும் இதைத்தான். ஜிக்குக்கு அப்படியொரு வாகனம் இன்னும் உறுதியாக அமையவில்லை.

அடுத்து, மாறுவதற்கு எவ்வளவு செலவு? உங்கள் ஜாவா ப்ராஜெக்டில் ஒரே ஒரு ஃபைலை மட்டும், ஜாவாவோடு சேர்ந்து ஓடும் கோட்லின் மொழியில் எழுதலாம், மீதியைத் தொட வேண்டாம். அதனால்தான் மேலாளர்கள் துணிந்து சம்மதித்தார்கள். இதில் ஜிக் நன்றாகவே தேறுகிறது: சி மொழி ஃபைல்களையும் அதன் கம்பைலரே (கோடை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) கம்பைல் செய்துவிடும்.

அது இடறுவது நிலைத்தன்மையில். கோ மொழி 2012-லும் ரஸ்ட் மொழி 2015-லும் 1.0 என்ற முதல் நிலையான பதிப்பை வெளியிட்டு, பழைய கோடை உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தன. ஜிக் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. 2025-ல் வந்த 0.15 பதிப்பில் உள்ளீடு, வெளியீடு பகுதியே மாறிப்போனது. வழக்கமான வழியில் திரையில் ஒரு வரி அச்சிட இப்போது நீங்களே ஒரு பஃபர் (எழுத்துகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) கொடுத்து, கடைசியில் ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதாவது சேர்ந்ததை வெளியே தள்ள வேண்டும். ஃப்ளஷை மறந்தால் பிழைச் செய்தி வராது, எழுதியதும் திரைக்கு வராமல் போகலாம். பழைய பாடத்தைப் பார்த்துப் படிப்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு வருடமாக யாரும் தொடாத நடுத்தர ப்ராஜெக்ட் ஒன்றை இறக்கி, இன்றைய கம்பைலரில் ஓட்டுங்கள். எத்தனை பிழை வருகிறது, சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வேலைக்குத் தேவையான மூன்று லைப்ரரிகளை (பிறர் எழுதிவைத்த தயார் கோடு) தேடுங்கள்: டேட்டாபேஸ், ஜேசான் (தரவு எழுதும் வடிவம்), எச்டிடிபி (இணையத் தொடர்பு முறை). மூன்றையும் தனி ஆள் பராமரித்தால், அவர் களைத்துப்போகும் நாளில் உங்கள் வேலையும் நிற்கும். எந்த மொழி பிரபலம் என்று சொல்லும் டயோபி போன்ற தரவரிசைகளை நம்பிப் போகாதீர்கள். அவை எண்ணுவது தேடுபொறி முடிவுகளை. வேலை விளம்பரங்களில் 'கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரியில் அந்த மொழி இருக்கிறதா என்று பாருங்கள். 'தெரிந்தால் நல்லது' என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜிக்குக்கு ஆறு மாதம் அதிகம். வாரம் மூன்று மணி நேரம், இரண்டு மாதம் போதும். ஜாவாவில், வேண்டாத மெமரியைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் மறைத்துவைத்த மெமரி விஷயமெல்லாம் அதற்குள் கைக்கு வந்துவிடும், ஜிக் பரவினாலும் பரவாவிட்டாலும். 1.0 வெளியாகும் நாளில் மீதியை முடிவு செய்யுங்கள்.