அறுப்பு முடிந்ததும் அப்பா வருவார்

கேள்வி: அக்கா, எங்களுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். பங்குனியில் லீவு முடிந்து போனவரை வடக்கே மலைப்பக்கம் போட்டுவிட்டார்கள், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங். ஐப்பசி வாக்கில் லீவு கிடைக்கலாம் என்கிறார். பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு மூன்றரை. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து நாள் முழுக்கப் போன்தான். பிடுங்கினால் அலறல். பையன் சாயங்கால பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். சின்னவள் அப்பா வீடியோ காலில் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள், அவர் முகம் வாடிப்போகிறது. மாமியார், மாமனார் கூடவே இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். ஆனாலும் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஐப்பசி வரை எப்படிப் பொழுதைத் தள்ளுவது?

பதில்: தங்கச்சி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன். முதலில் ஒரு காரியம் சொல்லிவிடுகிறேன். நீ அவருடைய யூனிட் பெயர், இருக்கும் இடம் எல்லாம் எழுதியிருந்தாய், அதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். இனி யாருக்கும் அப்படி எழுதாதே, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதே. பிள்ளைகளிடமும் "அப்பா ராணுவத்துல இருக்காங்க" என்பதோடு நிறுத்தச் சொல்லிக்கொடு. முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நானும் ராணுவக்காரர் மனைவிதான், இதே டெல்டாவில் மாமியார் வீட்டில் இருந்துதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். நான் செய்த பெரிய தப்பை உனக்குச் சொல்கிறேன், நீ அதைச் செய்யாதே. 1999இல் என் பையனுக்கு 5 வயது. ஆனி மாதம் காதுகுத்து வைத்திருந்தோம், லீவு சாங்ஷன் ஆகிவிட்டது என்று அவர் கடிதம் போட்டிருந்தார். நானும் காலண்டரில் தேதியை வட்டம் போட்டு, அப்பா இந்த நாளில் வந்துவிடுவார் என்று பையனுக்குத் தினமும் காட்டினேன். மே மாதம் கார்கில் சண்டை ஆரம்பித்துவிட்டது, லீவெல்லாம் ரத்து. அந்தத் தேதியன்று காலையில் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தவன் கடைசி பஸ் போகும்வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் தட்டைத் தொடக்கூட இல்லை. அப்புறம் பல மாதம் நான் எது சொன்னாலும் "நெசமாவா?" என்று கேட்பான். அவர் வந்தது கார்த்திகையில்.

அதனால் பிள்ளைகளிடம் தேதி சொல்லாதே. ராணுவத்தில் லீவு என்பது ஆள் வீட்டுப்படி ஏறும்வரை நிச்சயமில்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் ஒன்றுமே சொல்லாமலும் விடக்கூடாது. "சீக்கிரம் வருவார்" என்றால் 6 வயதுப் பிள்ளைக்கு அது நாளைக்கு. அதனால்தான் தினமும் பஸ் சத்தத்துக்கு ஓடுகிறான். வயலை வைத்துச் சொல்.

உங்களுக்குப் பம்ப்செட் இருக்கிறது, மாமனார் குறுவை போடுவார் என்று எழுதியிருந்தாயே, அதைவிட நல்ல காலண்டர் வேறு எங்கே கிடைக்கும்? மாமனார் விதைநெல்லை ஊறவைக்கும் அன்று பையனையும் கூட வைத்துக்கொள்ளச் சொல். ஊறிய நெல்லைச் சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, மறுநாள் பிரித்துப் பார்க்கும்போது சாக்குக்குள் கையை விடச் சொல், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், ஒவ்வொரு நெல்லிலும் ஊசிமுனை மாதிரி வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அதில் ஒரு பிடியை வாங்கி ஒரு பழைய தட்டில் சேறு வைத்துப் பையனையே தூவச் சொல். அது அவனுடைய நாற்றங்கால், தண்ணீர் தெளிப்பது அவன் வேலை. அப்புறம் சொல்: இந்த நெல் நாற்றாகி, தாத்தா நட்டு, கதிர் வந்து, அறுத்து, களத்தில் காய்ந்த பிறகு அப்பா வருவார். குறுவை நெல்லுக்கு 110 நாள் என்று வைத்துக்கொண்டால் புரட்டாசியில் அறுப்பு, அவர் சொன்ன ஐப்பசிக்குச் சரியாக வரும். ஒருவேளை லீவு தள்ளிப்போனால், குறுவைக்கு அடுத்து நடும் தாளடி நெல்லை வைத்து "தாளடி நட்ட பிறகு" என்று சொல்லிக்கொள்ளலாம். மழை வந்தால் அறுப்பு நாலு நாள் தள்ளும் என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குப் புரியும், காலண்டர் வட்டம் தள்ளுவதுதான் புரியாது.

சின்னவளுக்கு 110 நாளெல்லாம் எட்டாது. அவளுக்குப் புளியங்கொட்டை. ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து, அப்பா போன நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாளோ அத்தனை புளியங்கொட்டையைப் போட்டுவிடு, இனி தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன் அவள் கையால் ஒன்று. நாள் குறைவதை எண்ணவேண்டாம், சேர்வதை எண்ணுங்கள், அப்போதுதான் லீவு தள்ளினாலும் கணக்குப் பொய்யாகாது. அப்பா வந்ததும் அத்தனை கொட்டையையும் கொட்டிப் பல்லாங்குழி ஆடலாம் என்று இப்போதே சொல்லி வை. அதுவரை வேறு கொட்டையோ சோழியோ வைத்து மாமியாரிடம் ஆடப் பழகட்டும், 14 குழி முழுக்க அவள் விரல் போய்வரும், எண்ணிக்கையும் தானாக வந்துவிடும்.

இப்போது போன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளை திரையின் முன் உட்கார்ந்திருப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் நல்லது. அது எல்லாருக்கும் பொது. ஆனால் ராணுவக்காரர் வீட்டில் இன்னொன்று இருக்கிறது, போன் என்பது அப்பா வரும் பெட்டி. அதை நீ வெடுக்கென்று பிடுங்கும்போது பிள்ளை கார்ட்டூனுக்கு மட்டும் அழுவதில்லை என்பது என் எண்ணம். அதனால் இரண்டையும் பிரித்துவிடு. போனுக்கு ஷெல்ஃபில் ஒரு இடம், அங்கேதான் இருக்கும், அப்பா கூப்பிட்டால்தான் கீழே இறங்கும். கார்ட்டூன் டிவியில், உச்சிவெயில் நேரத்தில், நேரம் வைத்து. முதல் நாலைந்து நாள் அலறத்தான் செய்வார்கள். மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவை, அவர் மனசு கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண்.

டிவியில் எல்லைச் செய்தி ஓடினால் மட்டும் உடனே அணைத்துவிடு. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நாட்களில் எத்தனை பெண்கள் எனக்கு எழுதினார்கள், செய்தியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ராத்திரியில் எழுந்து அழுகிறது என்று. உனக்குத் தெரிந்தாக வேண்டியது உனக்கு வேறு வழியில் வந்து சேரும்.

பொழுதுக்கு என்ன செய்வது என்றுதானே கேட்டாய். விளையாட்டுச் சாமான் வாங்கிக் குவிக்காதே, வேலை கொடு. நிஜ வேலை. கோழிக்குக் குருணை போடுவது, கொல்லையில் விழுந்த தேங்காய்க் குரும்பையைப் பொறுக்குவது, மொச்சை உரிப்பது, காய்ந்த துணியில் அப்பா தாத்தா துணி வேறு, தன் துணி வேறு என்று பிரிப்பது. அவருடைய பழைய லுங்கி ஒன்றை அவ்வப்போது துவைத்து அந்தத் துணியோடு கலந்து போடு, "இது அப்பாவுது" என்று சின்னவள் தனியாக எடுத்து வைக்கட்டும். அந்த வீட்டில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது என்று பிள்ளை தன் கையால் தெரிந்துகொள்ளும். வாரம் பூராவும் நீயே கூட உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று நினைத்தால் உன் உடம்பு தாங்காது. பக்கத்தில் நீ உன் வேலையைப் பார், அவர்கள் அவர்கள் வேலையைப் பார்க்கட்டும்.

வெயில் தாழ்ந்தபின் தாத்தாவிடம் விடு. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்வதும், தென்னங்கீற்றில் கடிகாரமும் காத்தாடியும் பாம்பும் பின்னுவதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஒருநாள் பக்கத்து மூணாறு தலைப்புக்குக் கூட்டிப்போய், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் அங்கே பிரிந்து போவதைக் காட்டச் சொல். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் சில நாளில் உங்கள் பக்கம் தண்ணீர் வந்துவிடும். அந்த முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாகத் தள்ளிக்கொண்டு வருவதை ஒருதரம் பார்த்த பிள்ளை ஒரு வாரத்துக்கு அதையே பேசும். இதில் ஒரு கண்டிப்பு. தண்ணீர் வந்த பிறகு பெரியவர்கள் கையைப் பிடிக்காமல் எந்த வாய்க்கால் பக்கமும் போகக்கூடாது, கொல்லை வாய்க்காலும் சேர்த்துத்தான். நேற்றுவரை அவர்கள் ஓடி விளையாடிய காய்ந்த இடம் இன்று ஆளை இழுக்கும், நம் பக்கத்தில் வருடா வருடம் பார்க்கிறோம்.

அப்பாவிடம் ஒளிந்துகொள்ளும் சின்னவளைப் பற்றி. கவலைப்படாதே, கூப்பிட்டு முன்னால் நிறுத்தி "அப்பாகிட்ட பேசு, பேசு" என்று நெட்டித் தள்ளாதே. மூன்றரை வயதுக்கு, இருந்த மனுஷர் திடீரென்று கையளவு கண்ணாடிக்குள் போய்விட்டார் என்பது பெரிய குழப்பம், அதில் கொஞ்சம் கோபமும் இருக்கும். அவள் சாப்பிடும் நேரத்தில் அவர் கூப்பிட முடிந்தால் கூப்பிடட்டும், போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு நீ பாட்டுக்குச் சோறு ஊட்டு. அவர் பேச வேண்டியது உன்னோடு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாலு நாளில் அவளே ஒரு கொட்டையைக் கொண்டுவந்து திரைக்கு நேராகக் காட்டுவாள். அவருக்கும் இதைச் சொல்லிவிடு, பிள்ளை மறந்துவிட்டது என்று அங்கே குளிரில் உட்கார்ந்து மனசைக் குழப்பிக்கொள்ளப் போகிறார். சிக்னல் கிடைக்காத நாட்களுக்கு இரண்டு நிமிடக் கதையாக நாலைந்தைப் பேசிப் பதிந்து அனுப்பச் சொல். நரி கதையோ காக்கா கதையோ, அவர் குரல் இருந்தால் போதும். ராத்திரி விளக்கை அணைத்தபிறகு போடு.

பையனுக்குக் கடிதம். சிரிக்காதே, இந்தக் காலத்தில் கடிதமா என்று. 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய முகவரி எழுதி ஊர்ப் பெயரே இல்லாமல் ஒரு கடிதம் மலை உச்சிவரை போய்ச் சேர்கிறது என்பதே 6 வயதுக்காரனுக்கு அதிசயம். எழுத்து வராவிட்டால் படம் போடட்டும். வீடியோ கால் பேசி முடித்தால் போய்விட்டது, கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். நான் மாதாமாதம் பையனின் காலைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்புவேன். 1999 கார்த்திகையில் வந்தபோது கடைசியாக வந்த அந்தத் தாளை வைத்துக் கேன்டீனில் கேன்வாஸ் ஷூ வாங்கிவந்தார், தாள் 2 மாதம் பழசு, ஷூ ஒரு அளவு சின்னதாகிவிட்டது. பையன் அதைக் கழற்றமாட்டேன் என்று பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே ஊரெல்லாம் சுற்றினான்.

ஜூன் பிறந்ததும் சின்னவளைப் பால்வாடியில் விடு, உனக்கு அரை நாள் மூச்சு கிடைக்கும். அந்த நேரத்திலும் வீட்டுவேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் கொஞ்சம் படு. உன் கடிதம் முழுக்கப் பிள்ளைகளைப் பற்றித்தான் இருந்தது, ஆனால் கடைசியில் "ராத்திரி தூக்கமே இல்லை அக்கா" என்று ஒரு வரி எழுதி அடித்திருந்தாய், அதையும் படித்தேன். அது பல வாரம் தொடர்ந்தால், அல்லது பிள்ளைகளில் யாராவது விட்டுப்போன பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, யாரோடும் சேராமல் சுருங்குவது என்று வாரக்கணக்கில் போனால் டாக்டரிடம் போ. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. நிலம், பத்திரம், அலுவலகம் என்று அவர் இல்லாமல் நீ அலைய வேண்டிய விஷயம் ஏதாவது வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ. பெயர்தான் முன்னாள், பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் உதவுவார்கள்.

அவர் வந்த பிறகு ஒன்று. முதல் இரண்டு மூன்று நாள் சின்னவள் கிட்டே போகமாட்டாள், அவர் கண்டித்தால் பையன் உன்னிடம் ஓடிவருவான். விட்டுவிடு. வந்த அன்றே உறவுக்காரர் வீடு, கோயில் என்று இழுத்துக்கொண்டு போகாமல் முதல் நாளாவது வீட்டில் இருங்கள், பாட்டிலைக் கொட்டிப் பல்லாங்குழி ஆடட்டும்.

ஆடி 18க்கு மாமனாரிடம் சொல்லிப் பையனுக்கு ஒரு சப்பரம் கட்டித்தரச் சொல், அவன் இழுத்துப் போவதைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கால் அளவுத் தாளோடு சேர்த்து அனுப்பு. கால் வரையும்போது பென்சிலை நேராக நிமிர்த்திப் பிடி, சாய்த்துப் பிடித்தால் அளவு மாறிவிடும். மேலே தேதியும் எழுதி, இன்னும் ஒரு அளவு கூட்டி வாங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடு.