கேள்வி – பதில்: முப்படைகளும் ஒரே படை ஆகலாமா?

மதுரை வாசகர்: தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று தலைமையகம், மூன்று ஆள்சேர்ப்பு, மூன்று கிடங்கு. எல்லாவற்றையும் ஒரே படையாக்கினால் பணம் மிச்சமாகாதா? எந்த நாடாவது செய்து பார்த்திருக்கிறதா?

கனடா முழுமூச்சாகச் செய்து பார்த்தது. பாதுகாப்பு அமைச்சர் பால் ஹெல்லியர் 1964 மார்ச்சில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அவர் போட்டதும் நீங்கள் போடும் கணக்குதான். சம்பளப் பட்டுவாடா, சட்டப் பிரிவு, மருத்துவம், உளவு, ஸ்டோர்ஸ் எல்லாம் மும்மூன்றாக இருக்கின்றன. ஒன்றாக்கினால் மிச்சமாகும் பணத்தில் புதிய தளவாடம் வாங்கலாம் என்றார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் மூன்று தளபதிப் பதவிகளும் போய், எல்லோருக்கும் மேலே ஒரே தலைமைத் தளபதி வந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1968 பிப்ரவரி 1 அன்று மூன்று படைகளும் சட்டப்படியே மறைந்து ஒரே கனடிய ஆயுதப்படை ஆனது. எல்லோருக்கும் ஒரே கரும்பச்சைச் சீருடை. சட்டத்தில் எல்லோருக்கும் தரைப்படைப் பதவிப் பெயர்கள். இதில் சிக்கல் உண்டு: தரைப்படையில் கேப்டன் என்பவர் இளநிலை அதிகாரி, கடற்படையிலோ கேப்டன் என்றால் கர்னலுக்குச் சமம். மாலுமிகள் பழைய பெயர்களைப் புழக்கத்தில் வைத்துக்கொள்ளத் தனியாக அனுமதி தர வேண்டியிருந்தது. கடற்படைப் பிரிவின் தலைவராக இருந்த ரியர் அட்மிரல் வில்லியம் லேண்டிமோர் இந்த இணைப்பை எதிர்த்ததால் 1966-லேயே பதவி இழந்திருந்தார்.

அடி பலமாக விழுந்தது விமானப் பிரிவுக்கு. விமானங்கள் வேலைவாரியாகப் பிரிந்தன: தரைப்போருக்கு உதவுபவை ஒரு கட்டளையகத்தில், கடல் ரோந்து விமானங்கள் ஹாலிஃபாக்ஸில் இருந்த கடல்சார் கட்டளையகத்தில், வான்பாதுகாப்பு நார்த் பேயில், சரக்கு விமானங்கள் இன்னொன்றில். விமானிகளின் தேர்ச்சித் தரம், விமானப் பாதுகாப்பு, எதிர்காலத்தில் என்ன விமானம் வேண்டும் என்ற திட்டம் ஆகியவற்றை மொத்தமாகப் பார்க்க ஒருவர் இல்லாமல் போனார். ஏழே ஆண்டில், 1975-ல், எல்லா விமானங்களையும் மீண்டும் ஒரே குடையின்கீழ் கொண்டுவர வின்னிபெக்கில் ஒரு வான் கட்டளையகம் அமைக்க வேண்டியதாயிற்று. 1980-களின் நடுவில் தனித்தனிச் சீருடை திரும்பியது. 2011 ஆகஸ்டில் ராயல் கனடியக் கடற்படை, ராயல் கனடிய விமானப்படை, கனடியத் தரைப்படை என்ற பெயர்களும் திரும்பின.

பணமாவது மிஞ்சியதா? புதிய தளவாடங்களுக்குப் போகும் என்று சொன்ன மிச்சம், அடுத்து வந்த பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு ராணுவ நிதியை உயர்த்தாமல் நிறுத்தியபோது அதில் கரைந்தது. அலுவலகத்தைச் சுருக்கி மிச்சம் பிடிக்கும் எந்தப் படையும் இதை எதிர்பார்க்க வேண்டும். அந்த மிச்சத்தைத் தளவாடத்துக்கே ஒதுக்குவோம் என்று நிதி அமைச்சகம் முன்கூட்டி எழுதித் தராவிட்டால் அது பொதுக் கஜானாவுக்குத்தான் போகும்.

ஆனால் கனடா எல்லாவற்றையும் திரும்பப் பெறவில்லை. சட்டப்படி இன்றும் அது ஒரே படைதான். ஒரே தலைமைத் தளபதி, ஒரே சம்பள முறை, பொதுவான மருத்துவ, சட்ட, ஸ்டோர்ஸ் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. சமையல்காரர், எழுத்தர், கிடங்குப் பணியாளர், மருத்துவ உதவியாளர் இவர்களை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. விமானத் தளத்துக் கிடங்கில் இருந்தவரைக் கப்பலுக்கு அனுப்பும் முன் தீயணைப்பும், ஓட்டை விழுந்து நீர் புகுந்தால் அடைப்பதும் கற்றுத் தர வேண்டும். கப்பலில் தீப்பிடித்தால் சமையல்காரரும் குழாயைப் பிடித்தாக வேண்டும்.

எங்கள் கருத்து இதுதான்: கிடங்கையும் போர்முனைக் கட்டளையையும் இணைக்கலாம். மாலுமியையும் விமானியையும் காலாட்படை வீரரையும் உருவாக்கும் பட்டறைகளை இணைக்கக் கூடாது. அந்தத் திறன் ஒவ்வொன்றும் கைவர இருபது ஆண்டுகள் பிடிக்கும்.

அரக்கோணம் வாசகர்: எங்கள் ஊர் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளத்திலிருந்து பறக்கும் விமானங்கள் கடற்படையுடையவை. விமானம் என்றால் விமானப்படைக்குத்தானே போக வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பிரிட்டன் கொடுத்த விலை பெரிது. 1918 ஏப்ரல் 1 அன்று தரைப்படையின் விமானப் பிரிவையும் கடற்படையின் விமானப் பிரிவையும் இணைத்து ராயல் விமானப்படையை உருவாக்கினார்கள். விமானப்படை தன் பணத்தையும் திறமைசாலிகளையும் குண்டுவீச்சு விமானங்களில் கொட்டியது. விமானம்தாங்கிக் கப்பல்களுக்கான விமானங்கள் பின்தங்கின. 1937-ல் முடிவெடுத்து 1939-ல் கடற்படை விமானப் பிரிவைக் கடற்படையிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது போர் வாசலில் நின்றது. கப்பல்களின் டார்பிடோ விமானமோ ஸ்வார்ட்ஃபிஷ் என்ற பழைய பாணி இரட்டை இறக்கை விமானம்.

இந்தியாவிலும் கடல் ரோந்து முதலில் விமானப்படையிடம்தான் இருந்தது. 1976-ல் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களோடு அந்த வேலை கடற்படைக்கு மாறியது. பிறகு டி.யு.-142 வந்தது, அது 2017-ல் ராஜாளியில்தான் ஓய்வுபெற்றது. இன்று பி-8ஐ. நீர்மூழ்கியைத் தேடுவது மணிக்கணக்கில் நீளும் வேலை. நீருக்கடியில் ஒலியைப் பிடிக்கும் சோனோ மிதவைகளைப் போட்டு, அந்த ஒலியைக் கேட்டு, கப்பலோடு தகவல் பரிமாற வேண்டும். விமானத்தில் இருப்பவர்கள் கடற்படை யோசிப்பது போல் யோசிப்பவர்களாக இருப்பதே நல்லது. எது எதில் பறக்கிறது என்பதைவிட எந்த வேலைக்குப் பறக்கிறது என்று பாருங்கள்.

கோவை வாசகர்: தியேட்டர் கமாண்ட் என்கிறார்களே, அதுவும் இந்த இணைப்புதானா?

இல்லை. தியேட்டர் கமாண்டில் மூன்று படைகளும் அப்படியே இருக்கும். ஆள் எடுப்பது, பயிற்சி, பதவி உயர்வு, பராமரிப்பு எல்லாம் அவற்றின் பொறுப்பு. போரிடும் பொறுப்பு மட்டும், ஒரு நிலப்பரப்புக்கு ஒருவர் என்று, ஒரே தளபதியிடம் போகும். சீனாவும் 2016-ல் ஏழு ராணுவ வட்டாரங்களை ஐந்து தியேட்டர் கமாண்டுகளாக்கியது. அதற்குச் சற்று முன்புதான் தரைப்படைக்கென்று தனித் தலைமையகமும் அமைத்தது. பிரிப்பதும் சேர்ப்பதும் அங்கே ஒரே சீர்திருத்தத்தின் இரு பகுதிகள்.

நம்மிடம் தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என்று 17 கட்டளையகங்கள். கிழக்கு என்றால் தரைப்படைக்குக் கொல்கத்தா, விமானப்படைக்கு ஷில்லாங், கடற்படைக்கு விசாகப்பட்டினம். தெற்கு என்றால் புனே, திருவனந்தபுரம், கொச்சி. தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். அங்கே 2020 ஜனவரியில் நிலைகொண்ட 222-வது ஸ்குவாட்ரனின் (விமான அணியின்) சுகோய்-30 விமானங்கள் பிரமோஸ் ஏவுகணையோடு பறந்து கடலில் கப்பலைத் தாக்க வல்லவை. இலக்கைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடற்படை. விமானத்தை அனுப்புவது திருவனந்தபுரத்து விமானப்படைக் கட்டளையகம். கப்பலோ நகர்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பல், இரண்டு தலைமையகங்கள் பேசி முடிக்கும் அரைமணி நேரத்தில் 10 கடல்மைல், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர், தள்ளிப் போயிருக்கும். தியேட்டர் தளபதி ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சு ஒரே அறையில் முடியும்.

திருச்சி வாசகர்: அப்படியென்றால் விமானப்படை ஏன் தயங்குகிறது?

எண்ணிக்கைதான் காரணம். அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வுபெற்றபோது மிஞ்சியவை 29. ரேடாரைச் சுமந்து பறந்து எதிரியைத் தொலைவிலேயே காணும் ஃபால்கன் முன்னெச்சரிக்கை விமானங்கள் மூன்று. வானிலேயே எரிபொருள் நிரப்பும் ஐ.எல்.-78 டேங்கர்கள் ஆறு, அவற்றிலும் சில எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும். இவற்றைத் தியேட்டருக்குத் தியேட்டர் பங்கிட்டுக் கட்டிப்போட்டால் எங்குமே போதாது. காலையில் மேற்கே பறந்த டேங்கர் மாலையில் கிழக்கே தேவைப்படலாம். இது நியாயமான அச்சம். இந்த அரிய விமானங்களை டெல்லியில் பொதுவாக வைத்து, வேலைக்கு ஏற்பத் தியேட்டர்களுக்குக் கொடுத்து வாங்குவதே சரி. எந்த விமானம் யாரிடம், எத்தனை மணி நேரம், மறுப்பு வந்தால் யார் தீர்ப்பது என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: அந்தமானில் 2001-லிருந்தே முப்படைக் கட்டளையகம் இருக்கிறதே. பிறகு ஏன் இத்தனை தாமதம்?

கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் நடந்த ஆய்வும், அதைத் தொடர்ந்த அமைச்சர் குழுவும்தான் அதற்கு வழி செய்தன. ஆனால் அங்கே நிலையாக ஒதுக்கப்பட்ட கப்பல்களும் விமானங்களும் குறைவு. இன்னொரு முட்டுக்கட்டை சட்டத்தில் இருந்தது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியாக 1950-ஆம் ஆண்டுச் சட்டங்கள், கடற்படைக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம். முப்படைத் தளபதி கடற்படைக்காரராக இருந்தால், தன் கீழ் வேலை செய்யும் தரைப்படை வீரர் மீது நடவடிக்கை எடுக்க அவரை மூலப் பிரிவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தண்டிக்க அதிகாரமில்லாத கட்டளைக்கு வலுவில்லை.

2023-ல் நிறைவேறி 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைத் தீர்த்தது. மூன்று பழைய சட்டங்களும் அப்படியே இருக்க, அவற்றின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் முப்படை அமைப்பின் தளபதிக்குக் கிடைத்தது. 2020 ஜனவரி 1 அன்று நாட்டின் முதலாவது முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற பிபின் ராவத் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் முப்படைக் கல்லூரிக்குப் போகும் வழியில், குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தார். அது வேலையைப் பல மாதம் தள்ளிப்போட்டது. அடுத்தவர் நியமனமாக 2022 செப்டம்பர் ஆயிற்று.

சேலம் வாசகர்: முதலில் எதை இணைக்க வேண்டும்?

மருத்துவம் ஏற்கெனவே இணைந்ததுதான். புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் மூன்று படைகளுக்கும் போகிறார். கட்டுமானம் பார்க்கும் எம்.இ.எஸ்., கேன்டீன் இரண்டும் பொது. அடுத்து உதிரிபாகம். துருவ் ஹெலிகாப்டரை மூன்று படைகளும் ஓட்டுகின்றன. ஒரு படையின் கிடங்கில் தூங்கும் பாகம் இன்னொரு படையின் நிற்கும் ஹெலிகாப்டருக்குத் தெரிய வேண்டுமானால் பாக எண்ணும் கணினிப் பதிவும் ஒன்றாக வேண்டும். பிறகு வான்பாதுகாப்பு வலை: விமானப்படையின் ஐ.ஏ.சி.சி.எஸ்., தரைப்படையின் ஆகாஷ்தீர் என்ற இரு கணினி அமைப்புகளும், வானில் எந்த விமானம் யாருடையது என்று ஒரே படத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நம் பீரங்கி நம் விமானத்தையே சுடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பதவி உயர்வு விதி. 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக் கைதிகளை மீட்கப் போன அமெரிக்கா, கடற்படை ஹெலிகாப்டர், மரைன் (கடல்வழித் தாக்குதல் படை) விமானிகள், விமானப்படைச் சரக்கு விமானம், தரைப்படைக் கமாண்டோ என்று கலந்து அனுப்பியது. 8 ஹெலிகாப்டர்களில் 6 தேவை, 5-தான் தேறின. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். 1986-ல் வந்த கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டம் படைகளை இணைக்கவில்லை. பிற படையினரோடு பொதுப் பணி செய்யாதவர் ஜெனரலோ அட்மிரலோ ஆக முடியாது என்று விதித்தது. அதுவரை அந்தப் பணியிடங்களைத் தவிர்த்த திறமையான அதிகாரிகள், அதற்குப் பிறகு கேட்டு வாங்கிப் போனார்கள்.