டொக்டர் மகளின் முதல் வேலை திருகோணமலையிலேயே வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

தொலைபேசியில் உங்கள் திட்டத்தை இரண்டு தடவை சொன்னீர்கள். மகள் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் இறுதிப் பரீட்சை சித்தியடைந்துவிட்டார். உள்ளகப் பயிற்சி ஒரு வருடத்தையும் திருகோணமலை ஆஸ்பத்திரியில், உங்கள் கண்முன்னால், வீட்டுச் சாப்பாட்டோடு முடிக்க வேண்டும். அது முடிந்ததும் கொழும்புப் பக்கம் ஒரு நிரந்தர இடம். அப்புறம் மேற்படிப்பு, கல்யாணம்.

நான் சொல்ல வருவது இதுதான்: திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். பயிற்சிக்கு மகளை வெளியே அனுப்புங்கள். முதல் வேலைக்கு எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

கோபப்படாமல் கேளுங்கள். இவை இரண்டும் இரண்டு தனித்தனி முடிவுகள். பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "முதல் வேலை" என்று நீங்கள் சொல்வது உண்மையில் பயிற்சியை. மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவோடு, இரண்டு பிரிவுகளில் ஆறாறு மாதம், மேலே உள்ளவர்களின் பொறுப்பில் வேலை செய்கிற வருடம் அது. அதை ஒழுங்காக முடித்த பிறகுதான் முழுப் பதிவு. அதற்குப் பிறகு வருவதுதான் முதல் நியமனம். முதலாவதில் மகள் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் கற்றதை வைத்து ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் சரிவராது.

பயிற்சியை முதலில் எடுப்போம். எல்லா மருத்துவபீடங்களையும் சேர்த்து ஒரு பொதுத் தரவரிசை வரும். சுகாதார அமைச்சு வெற்றிடங்களின் பட்டியலை வெளியிடும். முன்னால் நிற்பவர் முதலில் தெரிவு செய்வார், மிச்சத்தில் அடுத்தவர். மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும் ஆகிய நான்கில் இரண்டு. இங்கே எல்லோரும் ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்த்துத்தான் அடிபடுகிறார்கள். என்னிடம் வந்த இளம் டொக்டர்கள் பயிற்சி முடிந்து திரும்பி வந்து சொன்னது வேறு. ஆஸ்பத்திரியின் பெயரை விட, எந்த வைத்திய நிபுணரின் கீழ், எந்த வாட்டில் என்பதுதான் அந்த வருடத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மாடியில், ஒரு பக்கத்து வாட்டில் பிள்ளை கற்றுக்கொண்டு வருகிறது, மற்றப் பக்கத்தில் ஃபைல் எழுதிக் கைநோக வருகிறது.

எனவே மகள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த வாட்டில் எத்தனை பயிற்சி டொக்டர்கள் வேலையைப் பகிர்கிறார்கள்? இரவில் நோயாளிக்கு மோசமானால் மேலே உள்ளவர் எழும்பி வருவாரா, போனிலேயே முடித்துவிடுவாரா? நிபுணர் பின்னேரமும் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பாரா? பிழை விட்டால் எல்லோர் முன்னாலும் ஏசுவாரா, கூப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பாரா? இவற்றைப் பத்து வருடத்துக்கு முன் அங்கே இருந்த உறவுக்கார டொக்டரிடம் கேட்டுப் பயனில்லை. நிபுணர்கள் மாறியிருப்பார்கள். இந்த மாதம் அந்த வாட்டில் நிற்கிற சீனியரிடம் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளைக்கு அப்படி நாலு பேரின் போன் இலக்கமாவது கட்டாயம் இருக்கும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை குறைந்த இடம் என்று நான் சொல்லவில்லை. சொந்த ஊர் என்பதுதான் என் தயக்கம். பயிற்சி வருடத்தில் பிள்ளை வீட்டில் தங்க முடியாது, ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில்தான் இருக்க வேண்டும். உவர்மலையில் இருந்து நீங்கள் கொண்டுபோகிற சோற்றுப் பார்சல் பல நாள் திறக்காமலே கிடக்கும். அதோடு, ஊரில் ஒரு டொக்டர் பிள்ளை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரியம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், பக்கத்து வீட்டு ஐயாவின் சீனி வருத்தம், கோயிலில் கண்டவரின் முழங்கால். முப்பது மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வருகிற பிள்ளை இதற்கெல்லாம் முகம் சுளிக்கவும் முடியாது, சரியாகப் பதில் சொல்லவும் முடியாது. ஒரு வருடம் யாருக்கும் அறிமுகம் இல்லாத இடத்தில் இருந்தால் தூங்குகிற நேரமாவது தூங்கும்.

இன்னொரு காரணம் மொழி. இதை அழுத்திச் சொல்கிறேன். அநுராதபுரம், குருநாகல், கண்டி போன்ற இடங்களில் வாட்டில் பெரும்பாலும் சிங்களம்தான். முதல் மாதம் அழுகை வரும். "கொஹெத ரிதென்னே" (எங்கே நோகுது) என்று கேட்கத் தெரியும், பதில் விளங்காது. மூன்றாம் மாதம் தாதிமாரோடு பேசிப் பேசி வந்துவிடும். சிங்களம் எங்கள் மாவட்டத்துக்கே வேண்டும், அம்மா. கந்தளாயிலும் கோமரங்கடவலையிலும் சேருநுவரவிலும் நோயாளி எந்த மொழியில் நெஞ்சு நோவைச் சொல்வார்? அரச சேவையில் இருப்பவர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் படிக்கிறதை விட வாட்டில் படிக்கிறது ஆழமாகப் பதியும்.

நோயாளர் கூட்டம் நிறைந்த இடத்துக்கு ஏன் அனுப்பச் சொல்கிறேன்? 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு. அந்த நேரம் பயிற்சியில் இருந்த ஒரு இளம் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். காய்ச்சல் விட்டதும் வீட்டார் சந்தோஷப்படுவார்களாம். சிலருக்கு ஆபத்து தொடங்குகிறதே அப்போதுதானாம். இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியும். அந்த ஒன்று, இரண்டு நாளும் மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எவ்வளவு சிறுநீர் போனது எல்லாம் எழுதி, சேலைனைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தாலும் பிழை, கூடக் கொடுத்தாலும் பிழை. இரவு மூன்று மணிக்கு அந்தக் கட்டிலடியில் நிற்பது பயிற்சி டொக்டர்தான். புத்தகத்தில் இது இரண்டு பக்கம். கைக்கு வருவதற்கு நிறையக் கட்டில்கள் வேண்டும், கூடவே தவறைத் திருத்த மேலே ஒருவரும் வேண்டும்.

எந்த இரண்டு பிரிவு என்றும் கேட்டிருந்தீர்கள். மேற்படிப்பில் எதைச் செய்யப்போகிறாரோ அதில் ஒன்று என்று பலர் சொல்வார்கள். அது சரிதான். மற்றதற்கு என் யோசனை: மகள் எதற்குப் பயப்படுகிறாரோ அது. பிரசவ அறை பயமென்றால் பிரசவ அறை. பயத்தை வெல்லப் பக்கத்தில் ஆள் இருக்கிற வருடம் அது ஒன்றுதான்.

இனி முதல் நியமனம். பயிற்சி முடிந்ததும் மறுபடி பட்டியல், மறுபடி தரவரிசை. முன்னால் நிற்பவர்கள் கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கம் எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் கடைசியில் மிஞ்சுகிற இடங்களில் எங்கள் ஊர்கள் இருக்கின்றன. 2022க்குப் பிறகு டொக்டர்கள் வெளிநாடு போகத் தொடங்கியதும் அந்த வெற்றிடங்கள் இன்னும் கூடின.

எனக்கு இது வெறும் செய்தி இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன்பு துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் ஏற வேண்டும். என் அக்காவுக்குப் பிரசவ வலி வந்தது ஒரு மழை இரவில். பக்கத்தில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் ஒரேயொரு டொக்டர், அவரும் லீவில். மருத்துவிச்சி அம்மா "இங்கே வைத்திருக்க ஏலாது, டவுனுக்குக் கொண்டுபோங்கோ" என்றார். பாதைக்காரரை எழுப்பிக் கொண்டுவரத் தம்பியாகிய நான் இருட்டில் ஓடினேன். அக்கா பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. அங்கே இரண்டாவது டொக்டர் ஒருவர் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

இன்று பாலம் இருக்கிறது. மூதூருக்கும் வெருகலுக்கும் தரைவழி வந்துவிட்டது. 1990 என்று அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் அம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்குகிற இடத்தில் டொக்டர் இருக்க வேண்டுமே.

அதற்காக மகளை எந்த மூலைக்கும் அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் உங்கள் பயத்தில் பாதி நியாயம். ஒரு டொக்டர் மட்டும் இருக்கிற பிரதேச வைத்தியசாலைக்கு, பயிற்சி முடித்த கையோடு, தனியாகப் போவதை நான் விரும்புவதில்லை. அப்படிப் போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நல்ல கெட்டிக்காரி. வயலில் பாம்பு கடித்தவர் வருவார். இரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கிற சோதனை இருக்கிறது. அதைச் செய்யத் தெரியும். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்றும் படித்திருக்கிறார். ஆனால் பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லை. எல்லோரையும் அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார். ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்து, "சேர், படிச்சதெல்லாம் கையை விட்டுப் போயிட்டுது" என்று அழுதார். பிழை அவருடையது இல்லை. தனியாக விட்டவர்களுடையது.

ஆகவே மகள் பார்க்க வேண்டியது ஆதார வைத்தியசாலைகளை. மூதூர், கிண்ணியா, கந்தளாய் இந்த மூன்றும் எங்கள் மாவட்டத்தில் ஆதார வைத்தியசாலைகள். அங்கே நிபுணர்கள் இருப்பார்கள், கூட வேலை செய்ய வேறு டொக்டர்கள் இருப்பார்கள், அதே நேரம் ஒவ்வொரு கூடுதல் கையும் கணக்கில் வரும். தெரிவு செய்கிற நேரத்தில் எந்தப் பிரிவுக்கு நிபுணர் இருக்கிறார் என்று ஒரு போன் எடுத்துக் கேட்கட்டும், இடமாற்றத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெண்பிள்ளைக்குக் குவாட்டர்ஸ் பூட்டுச் சாவியோடு இருக்கிறதா, இரவு வேலைக்கு வாட்டுக்குப் போகிற வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

மேற்படிப்பு பின்தங்கிவிடும் என்று பயந்தீர்கள். பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சைக்கு, பயிற்சிக்குப் பின் சேவை அனுபவமும் தேவைப்படும். பிரிவுக்குப் பிரிவு விதி வேறு, அந்தந்த வருட அறிவித்தலை மகள் வாசிக்கட்டும். மூதூரில் செய்கிற சேவையும் சேவைதான். கொழும்பில் வகுப்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இப்போது நிறைய இணையவழியில் நடக்கிறது, பாடம் கேட்கக் கொழும்பில் வாடகை கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு எண்ணம் இருந்தாலும், பயிற்சியை முடித்து முழுப் பதிவைக் கையில் எடுத்த பிறகு யோசிக்கட்டும்.

கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை. "மூதூரில் வேலை என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள்" என்றீர்கள். அதற்கு யோசிக்கிற வீட்டில், இரவு வேலைக்கும் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் மகள் பதில் சொல்ல வேண்டிவரும். முன்கூட்டியே தெரிவது நல்லது.

பயிற்சிக்கு இடம் கிடைக்க இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டிவரலாம். அந்தக் காலத்தில் மகள் சிங்களம் பேசிப் பழகட்டும், லைசன்ஸ் எடுக்கட்டும், நன்றாகத் தூங்கட்டும். பட்டியல் வருவதற்கு முன் நீங்கள் இருவரும் ஒரு பின்னேரம் உட்காருங்கள். முதலில் மகள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு அவர் விசாரித்த வாட்டுகளில் இருபதை ஒரு தாளில் வரிசையாக எழுதட்டும். தெரிவு வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, மேலே உள்ளவை போகப் போக அழித்துக்கொண்டு வரலாம். திருகோணமலையையும் அந்தத் தாளில் எழுதலாம், நல்ல வாட்டு என்று சீனியர்கள் சொன்னால். முதலாவதாக மட்டும் எழுத வேண்டாம்.